மத்தாப்புப் பெட்டிப் பிள்ளைகள்

இருக்கன்குடி மாரியம்மன்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன், இதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது. கண் நோயைத் தீர்ப்பதும், கோபம் வந்தால் கண்ணைப் பறிப்பதும் அவள் இலாகா. எனக்கு ஒரு கண் ஏற்கெனவே மங்கல். நான் சொல்வதில் கலப்படம் இருந்தால் மற்றதையும் ஆத்தாளே எடுத்துக்கொள்ளட்டும். சிவகாசி அச்சாபீசில் டை கட்டிங் மெஷின் ஓட்டிக் கிழவனானவன் நான். காலண்டர் அட்டையிலிருந்து முருகனை வெட்டி எடுத்தால் வேல் நுனி மழுங்காது. அப்படிப்பட்ட கைக்காரன் பொய் சொல்லி எதைச் சாதிக்கப் போகிறேன்?

கொரோனா வந்த வருஷம் எங்கள் பக்கம் எல்லாவற்றையும் பூட்டினார்கள். பிறகு பட்டாசுக் கம்பெனியைத் திறந்தார்கள்; தீபாவளி வருகிறதல்லவா. அச்சாபீசைத் திறந்தார்கள், பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வேண்டுமல்லவா. மதுக்கடையைத் திறந்தார்கள், அதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சாவியை மட்டும் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதில் வகையாக மாட்டிக்கொண்டது எங்கள் கல்வியியல் கல்லூரி. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில், சீமைக் கருவேலங்காட்டுக்குள், ரோமாபுரித் தூண்கள் வைத்துக் கட்டிய கட்டிடம். பெயர் வேண்டாம். தாளாளர் நவநீதகிருஷ்ணன். நான் வேலை பார்த்த அச்சாபீஸ் அவருடையதுதான், எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியும் உண்டு. "மூணு தொழில்லயும் சத்தமே இல்லாம ஓடுறது காலேஜ்தான்" என்று பெருமையாகச் சொல்வார்.

அந்தக் கல்லூரியில் டீச்சருக்குப் படிக்கிறவர்கள், பட்டம் வாங்குவதற்குமுன் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பின் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து மார்க் போடுவார். கற்பித்தல் பயிற்சி என்று பெயர். அதில் தேறாவிட்டால் மற்றப் பாடத்திலெல்லாம் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் புண்ணியமில்லை.

வேல்விழிக்கு அந்தப் பட்டம் கட்டாயம் வேண்டும். எம். புதுப்பட்டிப் பிள்ளை. அவள் அய்யா தாளாளரின் பட்டாசுக் கம்பெனியில், மருந்து ரூமில் தீப்பிடித்துப் போய்ச் சேர்ந்தவர். அம்மா மாடத்தி அதே கம்பெனியில் கம்பி மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறாள். மாடத்தி உட்காருகிற பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை காலியாகக் கிடக்கும். போர்மேன் முத்துப்பாண்டி வேல்விழியைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் அன்பாக விசாரிப்பான்.

"என்ன டீச்சரம்மா, படிப்பு முடிஞ்சிருச்சா? முடியலேன்னா கவலப்படாத. ஒன் பலகையில வேற யாரையும் உக்கார விடல."

அவளுக்கு அந்தப் பலகை கனவிலும் வரும் என்று மாடத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

முதலில் எல்லாவற்றையும் போனிலேயே நடத்தப் பார்த்தார்கள். கல்லூரி முதல்வர் முனைவர் சாலமன்ராஜ் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: 'கரும்பலகையில் எழுதும் திறனை ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்திலுள்ள கரும்பலகையில் வெளிப்படுத்துக.' புதுப்பட்டியில் யார் வீட்டில் கரும்பலகை இருக்கிறது? வேல்விழி வீட்டில் கறுப்பாக இருந்தது ஆடு ஒன்றுதான். அதைக் கட்டிப்போட்டு, அதன் விலாவில் சாக்பீசால் 'எரிதல்' என்று எழுதி, மாடத்தியைப் போனைப் பிடிக்கச் சொன்னாள். 'எரி' வரைக்கும் ஆடு நின்றது. 'தல்' எழுதும்போது திரும்பி அவள் சாக்பீசைத் தின்றுவிட்டது. முதல்வர் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதினார்: 'கையெழுத்து நன்று. கரும்பலகை நிலையாக இல்லை. தவிர்க்கவும்.'

பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: பள்ளிகளைத் திறக்கக் கூடாது, ஆனால் கற்பித்தல் பயிற்சியை நிறுத்தவும் கூடாது. இரண்டு வாக்கியமும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் இருந்தன. தாளாளர் கூட்டம் போட்டார். அச்சாபீஸ் சார்பாக நானும் போய் ஓரமாக நின்றேன்.

"பிள்ளைக வரக் கூடாது, அம்புட்டுத்தான?" என்றார் தாளாளர். "வராட்டிப் போகட்டும். நாமளே அச்சடிச்சுக்குவோம். நம்ம அச்சாபீஸ்ல காலண்டர் ஆர்டர் பூராம் கேன்சலாகி அட்டை மலையாக் கெடக்கு. ஆள் உயரத்துக்கு நாப்பது பிள்ளைகள அடிச்சு நிறுத்தினா ஒரு வகுப்பு."

முதல்வர் எழுந்து நின்று பேசினார்.

"ஐயா, நான் முப்பது வருடமாக ஆசிரியர்களை உருவாக்கி வருகிறேன். இந்தப் பணிக்குப் பெரும் இடையூறாக இருந்து வந்தவர்கள் மாணவர்கள்தான். நல்ல பாடத்திட்டம் ஒன்றை எழுதிக்கொண்டு உள்ளே போவோம். ஒருவன் ஒன்றுக்குப் போக வேண்டும் என்பான். ஒருத்தி புரியவில்லை என்பாள். அத்தோடு பாடத்திட்டம் நாசம். மாணவர் இல்லாத வகுப்பறையில்தான் கற்பித்தல் தன் முழு அழகோடு வெளிப்படும். பெருந்தொற்று நமக்கு அதைக் கொடுத்திருக்கிறது."

எல்லோரும் கை தட்டினார்கள், சானிடைசர் ஈரம் தெறிக்கும்படி.

புதுப் படம் எடுக்கச் செலவாகும். அச்சாபீசில் ஏற்கெனவே ஒரு பிள்ளை படம் இருந்தது. கம்பி மத்தாப்புப் பெட்டி மேல் போடுகிற படம். கொழுகொழுவென்று ஒரு பையன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, வலது கையில் மத்தாப்பைத் தூக்கிப் பிடித்திருப்பான். அதையே பெரிதாக்கினார்கள். மத்தாப்பை வெள்ளையடித்து சாக்பீஸ் ஆக்கினார்கள். பாதிப் பேருக்குப் பொட்டும் ரிப்பனும் வைத்துப் பெண் பிள்ளைகள் ஆக்கினார்கள். வெட்டியது நான். நாற்பது பிள்ளைகளையும் கை கால் போகாமல் எடுத்துக் கொடுத்தேன். ஒருவனுக்கு மட்டும் காது போய்விட்டது. அவனைச் 'சிறப்புக் கவனம் தேவைப்படும் மாணவர்' என்று முன் வரிசையில் நிறுத்தி, அதைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

வருகைப் பதிவுக்குப் பெயர் வேண்டுமே. விற்காத காலண்டரைப் பார்த்தே வைத்தார்கள். கார்த்திகை, சஷ்டி, பௌர்ணமி, பிரதோஷம். காது போனவனுக்கு அமாவாசை.

வாசலில் ஒரு வாட்ச்மேன், காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியோடு நின்றான். எங்கள் ஊர் வெயிலில் லாரியில் வந்து இறங்கிய அட்டை எப்படி இருக்கும்? நாற்பது பேருக்கும் நெருப்பாய்க் காய்ச்சல். விதி விதிதான் என்று நாற்பது பேரையும் ஸ்டோர் ரூமில் தனிமைப்படுத்தினார்கள். மேலே கிருமிநாசினி அடித்தார்கள். வெளியே எடுத்தபோது பாதிப் பிள்ளைகள் நனைந்து, வளைந்து, கும்பிடுகிற மாதிரி நின்றார்கள்.

இந்த இடத்தில்தான் கல்லூரியின் ஆராய்ச்சி மனப்பான்மை விழித்துக்கொண்டது. 'வளையும் மாணவர்களின் கற்றல் இடர்ப்பாடுகள்' என்று பலர் ஆய்வு செய்தார்கள். வளைந்த மாணவரைத் தரையில் கிடத்தி, மேலே செங்கல் வைத்தால் நிமிர்ந்துவிடுகிறார் என்பது முடிவு. அந்த ஆய்வை முதல்வர் தம் பெயரைச் சேர்த்து அச்சிட்டார்.

வேல்விழியின் முறை வந்தது. எட்டாம் வகுப்பு அறிவியல், பாடம் எரிதல். முதல்வரே பின் பெஞ்சில் உட்கார்ந்தார். அவள் நன்றாகத்தான் தொடங்கினாள். மெழுகுவர்த்தியை ஏற்றினாள். ஒரு கண்ணாடித் தம்ளரால் மூடினாள். சுடர் அணைந்தது.

"தீ எரியணும்னா என்ன வேணும்? யாரு சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள்.

நாற்பது கைகளும் தூக்கித்தான் இருந்தன.

"அமாவாசை, நீ சொல்லு" என்றாள்.

இங்கேதான் அந்தப் பிள்ளை ஒரு தவறு செய்தது. பதிலுக்காகக் காத்திருந்தது. கேள்வி கேட்டால் பிள்ளை யோசிக்க நேரம் கொடு என்று முதல் வருஷம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதைப் போய் அவள் நம்பிவிட்டாள். அமாவாசையைப் பார்த்தபடி நின்றாள். மின்விசிறி சுற்றியது. அமாவாசை சிரித்துக்கொண்டிருந்தான். "பரவாயில்ல, தப்பா இருந்தாலும் சொல்லு" என்று தைரியம் சொன்னாள். மணி அடித்தது.

முதல்வர் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எதுக்கு நின்றாய்?"

"பதில் சொல்லட்டும்னு சார்."

"மாணவர் பதில் சொல்வதற்கு ஆசிரியர் காத்திருந்தால் பாடப்பகுதியை எப்போது முடிப்பது? உனக்கு முன்னால் எத்தனை பேர் நடத்தினார்கள்! கேட்டார்கள், 'மிக நன்று, உட்கார்' என்றார்கள், போய்விட்டார்கள்."

"அவன் ஒண்ணுமே சொல்லலையே சார். எப்படி நல்லதுன்னு சொல்ல?"

முதல்வர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "உன்னிடம் தொழில்முறை மனப்பான்மை இல்லை" என்றார். அந்தப் பயிற்சியில் அவள் தோல்வி. ஆனால் ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி: வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் நடத்திக் காட்டலாம். அதிலும் போனால் போனதுதான்.

அன்று சாயங்காலம் தெருவில் முத்துப்பாண்டி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

புதுப்பட்டியில் அப்போது நிஜப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் வீட்டு வாசல்தோறும் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். வேல்விழி தினமும் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, கை வேலையில் இருக்க, வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு முந்தின நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவள் வாழ்க்கையைக் கெடுத்தது அதுதான்.

"எம்மா, இந்தப் பிள்ளைகளையே கூட்டிட்டுப் போயிருதேன்" என்றாள்.

மாடத்தி, ஒட்டிய பசை காய்ந்த விரலை உரித்துக்கொண்டே கேட்டாள். "ஏட்டி, அவுக அட்டையத்தான கேக்குறாக? நீ எதுக்கு இதுகள இழுத்துட்டுப் போற?"

"நெசப் பிள்ளையக் கண்ணால பாத்தா மார்க் போடாமயா போயிருவாக?"

"அட்டைக்கு மார்க் போட்டவுகதான அவுக" என்றாள் மாடத்தி. மகள் கேட்கவில்லை.

மறுநாள் ஒரு லோடு ஆட்டோவில், துண்டாலும் துப்பட்டாவாலும் மூக்கைக் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வாட்ச்மேன் துப்பாக்கியை நீட்டிப் பார்த்துவிட்டு மிரண்டு போனான். "சார், இதுகளுக்குச் சூடே இல்ல. நம்ம பிள்ளைக மாதிரி இல்ல சார்" என்று உள்ளே கத்தினான். வளைந்த அட்டைக்குப் புது முதுகு ஒட்டிக் கொடுக்க வந்திருந்த நான்தான் அவனைச் சமாதானப்படுத்தி உள்ளே விடச் செய்தேன்.

தேர்வாளர் முனைவர் அருள்பாண்டி தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, விண்வெளிக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"மாணவர்கள் சார்."

"அசையறாங்களே?"

"நெசப் பிள்ளைக சார். எங்க ஊரு."

அவர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் தரையைப் பார்த்தார். "சரி, நடத்து" என்றார் தேர்வாளர். ஒரு விசித்திரத்தைப் பார்க்கிற ஆவல் அவருக்கும் இருந்தது.

வேல்விழி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். தம்ளரால் மூடினாள். சுடர் அணைந்தது. "ஏலே, அமுந்துபோச்சுலே!" என்று ஒருவன் கத்தினான். "நான் மூடுதேன் டீச்சர், நான் மூடுதேன்" என்று இரண்டு பேர் முன்னால் ஓடி வந்தார்கள். திரும்ப ஏற்றினாள், அவர்களையே மூடச் சொன்னாள். ஏன் அணைந்தது என்று கேட்டாள். "காத்து இல்லாம" என்றது ஒரு குரல். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அந்தக் கட்டிடத்தில் ஒரு கேள்விக்குப் பதில் வந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது எழில் என்கிற பொடிப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், காத்து இல்லேன்னா தீ அமுந்துரும்னா, எங்கய்யா இருந்த மருந்து ரூம்ல கதவு சாத்தித்தான இருந்துச்சு? அது மட்டும் எப்படி எரிஞ்சுச்சு?"

வேல்விழி தம்ளரைக் கீழே வைத்தாள். எழில் அருகில் போய்க் குனிந்து சொன்னாள்.

"பட்டாசு மருந்துக்கு வெளிக் காத்து வேண்டாம்டா. எரியறதுக்கு வேண்டியத அதுக்குள்ளயே கலந்து வச்சிருக்காக. வெடியுப்புன்னு சொல்றாகள்ல, அதுலருந்து வரும். கதவச் சாத்துனாலும் எரியும். மூடுனா இன்னும் வேகமா எரியும்."

எழில் யோசித்தாள். "அப்பக் கதவத் தொறந்து வச்சிருக்கணும், இல்லையா டீச்சர்?"

"ஆமாடா. ரெண்டு பக்கமும்."

தேர்வாளர் எழுதுவதை நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தருகிறேன்.

"உன் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன் அம்மா. ஆனால் இது பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கேள்வி; அதைக் கேட்க விட்டதே முதல் பிழை. வெளியே உள்ள கேள்விக்கு விடை சொன்னது இரண்டாவது பிழை. வகுப்புக் கட்டுப்பாடு பூஜ்யம். மாணவர்கள் இடம் விட்டு இடம் போகிறார்கள். கை தூக்காமல் பேசுகிறார்கள். ஒரு மாணவி வருத்தமாகக்கூட இருந்தாள். வருத்தத்துக்கு நம் மதிப்பீட்டுத் தாளில் இடமே கிடையாது. வெளிப்படையாகச் சொன்னால் இந்த மாணவர்கள் தரமானவர்கள் அல்ல. இந்தக் கல்லூரியில் நல்ல மாணவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் நான் வந்தேன்."

அப்போதுதான் தாளாளர் உள்ளே வந்தார். அடுத்ததாகப் பாடம் நடத்த வேண்டிய சவரிராஜ் வாசலில் காத்திருக்கிறான். அட்டைப் பிள்ளைகளோ முதுகு உரிந்து ஸ்டோர் ரூமில் கிடக்கிறார்கள். நான் ஒருவன் ஒட்டி எப்போது முடிக்க? தாளாளர் புதுப்பட்டிப் பிள்ளைகளின் விரல்களைப் பார்த்தார். முதலாளி கண்.

"ஏலே பிள்ளைகளா, ஒங்கள்ல யாருக்கு அட்டை ஒட்டத் தெரியும்?" என்றார்.

அத்தனை பிள்ளைகளும் வலது கையைத் தூக்கினார்கள். நேராக, விறைப்பாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. எழிலும் தூக்கினாள்.

"ஆ!" என்றார் தேர்வாளர். "இப்போதுதான் வகுப்பு கட்டுப்பாட்டுக்குள் வந்திருக்கிறது."

பசை வந்தது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவன் தடவ, ஒருத்தி ஒட்ட, ஒருவன் அமுக்க, ஒரு சிட்டிகைப் பொழுதில் நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். அமாவாசைக்கு எழில் ஒரு புதுக் காதே வெட்டி வைத்துவிட்டாள். முப்பது வருஷம் வெட்டிய எனக்கு அந்த வெட்டைக் கண்டு பொறாமையாக இருந்தது. தாளாளர் நெகிழ்ந்துபோனார்.

"பாருங்க சார், பள்ளிக்கூடத்தப் பூட்டிட்டாக, பிள்ளைக எதிர்காலம் போச்சுன்னு பேப்பர்காரன் எழுதறான். எதிர்காலம் எங்கன போச்சு? கையிலதான இருக்கு!"

வேலை முடிந்ததும் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். வகுப்பு நடக்கும்போது மாணவர் அல்லாதவர் உள்ளே இருக்கக் கூடாது என்பது விதி.

சவரிராஜ் உள்ளே போனான். அதே எரிதல் பாடம். மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை, அட்டை பற்றிக்கொள்ளும் என்று பயம். "தீ எரிய என்ன தேவை? மிக நன்று, உட்கார்" என்றான். யாரும் உட்காரவில்லை. முதல் மார்க் அவனுக்கு.

அந்த வருஷம் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் பரீட்சை இல்லாமலே பாஸ் போட்டது. உத்தரவு பொதுவாக இருந்ததால் அட்டைப் பிள்ளைகள் நாற்பது பேரும் ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள். கல்லூரிக்குப் 'பெருந்தொற்றுக் காலப் புதுமைக்கான விருது' கிடைத்தது. முதல்வர் அமாவாசையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேடயம் வாங்கினார். தேறாமல் போனது வேல்விழி ஒருத்திதான்.

முத்துப்பாண்டி பலகையைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தான். "வாங்க டீச்சர்" என்றான். மாடத்தி பசைக் கிண்ணத்தைக் கொஞ்சம் மகள் பக்கமாக நகர்த்தி வைத்தாள். வேல்விழி உட்கார்ந்தாள். முதல் பெட்டியை எடுத்தாள். லேபிளைத் தடவி ஒட்டினாள். அதில் அந்தப் பையன், பல் தெரிய, வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி நிறுத்திட்ட? லோடு ஏத்தணும்ல" என்றாள் மாடத்தி.

"இல்லம்மா. கையத் தூக்கிட்டு இருக்கான். ஏதாச்சும் கேப்பானோன்னு பாத்தேன்."

"அவன் என்னத்தக் கேக்கப் போறான்? அடுத்ததை எடு."

அடுத்ததிலும் அவன்தான். கை தூக்கியிருந்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஆத்தாள் கண்ணைக் கேட்கும்முன் ஒரு விவரத்தை மட்டும் சேர்த்துவிடுகிறேன்: அந்த வருஷம் அந்தக் கல்லூரிப் பூட்டே திறக்கப்படவில்லை, ஓர் அட்டைகூட வெட்டப்படவில்லை, ஒரு பிள்ளை முகத்தையும் பார்க்காமல் எல்லோரும் முதல் வகுப்பில் தேறினார்கள், வேல்விழியும்தான்; அப்படித் தேறியும் அவள் லேபிள் ஒட்டுவது மட்டும் நிஜம்.